"மலைக்குப் போறேன், திரும்பி வாறேன்" என்று கையால் சொல்லுங்கள்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்கிற வேலையையும் விறகு தேடுகிற வேலையையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பெக்டரியில் வேலை செய்கிறவர்கள் சிலரும் இங்கே இருக்கிறீர்கள். ரோலர் ஓடுகிற நேரம் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்குமா? கேட்காது. அப்போது என்ன செய்கிறீர்கள்? கையைக் காட்டுகிறீர்கள். "நிறுத்து", "இன்னும் கொஞ்சம் போடு", "ஐயா வாறார்", "தேத்தண்ணி குடிச்சிட்டு வா" எல்லாம் கையிலேயே நடக்கிறது. மலையிலும் அப்படித்தான். மேலே நிற்கிற கங்காணி கையைத் தூக்கி வீசினால், கீழ் நிரையில் நிற்கிற பிள்ளைகளுக்கு என்னவென்று விளங்குகிறது. ஆகவே கையால் பேசுவது நமக்குப் புதிய காரியம் இல்லை. காது கேளாமல் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கைப்பேச்சைத்தான் சைகை மொழியாக நாம் கொடுக்க வேண்டும். அதை வீட்டிலே எப்படித் தொடங்குவது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

நம்முடைய மடுவத்துக்கு வருகிற ஒரு பெண் பிள்ளையைப் பற்றிய கதை இது. தாய் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். பிள்ளைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஆயாம்மா என்னிடம் வந்து, "சேர், பின்னால கோப்பை விழுந்தாலும் இந்தப் புள்ள திரும்பிப் பார்க்கிறதில்ல" என்று சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சில புள்ளைங்க சுணங்கித்தான் பேசும். எங்க அண்ணன் மகன் மூணு வயசிலதான் பேசினான். அவசரப்பட வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டி கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. மூன்று வயதில்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். இரண்டு காதும் மிகவும் குறைவு என்று சொன்னார்கள். நேர்த்தி வைத்ததில் பிழை இல்லை. நேர்த்தியோடு சேர்த்து டொக்டரிடமும் போயிருக்க வேண்டும். போகவேண்டாம் என்று சொன்னவன் நான். அந்தக் குற்றம் மனதில் கிடக்கிறபடியால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அந்தப் பிள்ளை தினமும் காலையில் மடுவத்தில் போட்ட கூச்சலை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தாயின் படங்கைப் பிடித்துக்கொண்டு விடாது. எந்தப் பிள்ளையும் அழும்தான். ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? "அம்மா மலைக்குப் போயிட்டுப் பகலைக்கு வந்திருவேன், மிட்டாய் வாங்கிட்டு வாறேன்" என்று சொல்கிறோம். பிள்ளை கொஞ்சம் அழுது அடங்கிவிடும். இந்தப் பிள்ளைக்கு அதை யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கிற நேரம் தாய் இந்தப் பக்கம் நழுவிப் போய்விடுவார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வருவாளா, வரமாட்டாளா என்று தெரியாது. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பிள்ளைக்குத் தாய் காணாமல் போனாள். அது அடம் இல்லை ஐயா, பயம்.

இனி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறந்த குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதமளவில் தாயின் குரல் வருகிற பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு சொல் வரவேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். பெரியாஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கும் காது பரிசோதிக்கலாம். பேசுகிற வயது வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் கை தட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. காது கேளாத பிள்ளைக்குக் கண் கூர்மையாக இருக்கும். தட்டுகிற கையின் நிழலைக் கண்டும், பலகை அதிர்வதை உணர்ந்தும் திரும்பிவிடும். நாமும் கேட்கிறது என்று நினைத்துவிடுவோம்.

இது யாருடைய பாவமும் இல்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். கர்ப்பகாலத்தில் தாய்க்கு ருபெல்லா வந்தாலும் வரும். மூளைக் காய்ச்சல், பிறந்தவுடன் வருகிற கடும் மஞ்சள் காமாலை ஆகியவற்றாலும் வரும். அதனால்தான் ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுகிற எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிட வேண்டாம் என்று கெஞ்சுகிறோம். காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், டிஸ்பென்சரிக்கு வாருங்கள். தாயைக் குறை சொல்கிற மாமியார்மார் இருந்தால், தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லோரும் கேட்கிற கேள்வி. "சைகை பழக்கினா புள்ளைக்குப் பேச்சு வராமப் போயிருமே சேர்?"

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்தது அல்ல. 1880ஆம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோரின் ஆசிரியர்கள் பெரிய மாநாடு கூட்டி, வாய்ப்பேச்சைத்தான் படிப்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் கையை அசைத்த பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆசிரியர், சைகையும் இலக்கணம் உள்ள ஒரு மொழிதான் என்று எழுதிக் காட்டினார். மிலானில் போட்ட தீர்மானங்களைப் பிழையென்று 2010ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடிய அதே மாநாட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒரு பிழையைத் திருத்த 130 வருஷம் எடுத்திருக்கிறது. நான் ஒன்றரை வருஷத்தில் திருத்தினேன் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயமும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்முடைய குழந்தைகள் ஆறு, ஏழு மாதத்தில் "பா, பா, மா, மா" என்று மழலை பேசும் அல்லவா? சைகை மொழி பேசுகிற தாய் தகப்பனின் காது கேளாத குழந்தைகள் அதே வயதளவில் கையால் மழலை பேசுகின்றன. 1991ஆம் ஆண்டு கனடாவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதினார்கள். அதாவது பிள்ளையின் மூளை மொழிக்காகக் காத்திருக்கிறது. அது காது வழியாக வந்தாலும் சரி, கண் வழியாக வந்தாலும் சரி, எடுத்துக்கொள்ளும். ஆனால் முதல் ஐந்து வருஷத்துக்குள் ஏதாவது ஒரு வழியாக வரவேண்டும். கொழுந்து முற்றினால் பிறகு கிள்ள முடியுமா? அதுபோலத்தான்.

காதுக் கருவி கொடுத்தால் கட்டாயம் போடுங்கள். வாய்ப்பேச்சுப் பயிற்சி கிடைத்தால் அதையும் செய்யுங்கள். சைகை அதற்கு எதிரி இல்லை. காதுக் கருவி சரிவருமா என்று பார்க்கிற காலம் முழுதும் பிள்ளையை மொழி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, வீட்டில் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இவற்றில் பலவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து டிவிஷனில் இருக்கிற ஒரு தச்சுவேலைத் தம்பி. அவருக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பாடசாலையில் படித்தவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒன்று: முதலில் கண்ணைப் பிடியுங்கள். பிள்ளை உங்களைப் பார்க்காத நேரம் காட்டுகிற சைகை, காற்றில் சொன்ன சொல். பின்னால் போய்ப் பிடித்து இழுக்காதீர்கள், பயந்துவிடும். தோளில் மெதுவாகத் தட்டுங்கள். தூரத்தில் என்றால் கையை வீசுங்கள். பலகைத் தரையில் காலால் தட்டலாம், இராத்திரியில் லைட்டை ஒருதரம் அணைத்துப் போடலாம்.

இரண்டு: வெளிச்சத்தில் பேசுங்கள். நம்முடைய லயத்துக் காம்பராவில் பகலிலும் இருட்டு. அடுப்புப் புகை வேறு. அதனால் இஸ்தோப்புக்கு வாருங்கள். பிள்ளையின் உயரத்துக்குக் குந்திக்கொள்ளுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பிள்ளைக்கு உங்கள் முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

மூன்று: முகமும் சேர்ந்து பேச வேண்டும். கோபம், சந்தோஷம், கேள்வி எல்லாம் புருவத்திலும் கண்ணிலும் இருக்கிறது. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினால், ஒரே குரலில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

நான்கு: தினமும் நடக்கிற காரியத்தில் தொடங்குங்கள். பால், தண்ணி, சோறு, ரொட்டி, குளிப்பு, தூக்கம், அம்மா, அப்பா, வலி, இன்னும் வேணும், போதும். இவ்வளவு போதும் முதலில். பொருளைக் காட்டுங்கள், பிள்ளை அதைப் பார்க்கட்டும், பிறகு உங்களைப் பார்க்கட்டும், அப்போது சைகை காட்டுங்கள். பிறகுதான் பொருளைக் கையில் கொடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் பொறுமை வேண்டும். "வலி" என்ற சைகையை மறக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தால் எங்களுக்கும் கண் கட்டின மாதிரித்தான்.

ஐந்து: பிள்ளை சொல்வதற்கு நேரம் கொடுங்கள். அது கையை எப்படியோ ஆட்டும். பிழையாக இருந்தாலும் சிரிக்காதீர்கள். "தண்ணி" என்று வருகிற குழந்தைக்கு நாம் முதலில் "தன்னி" என்பதற்கே தண்ணீர் கொடுக்கிறோம் அல்லவா? இதற்கும் கொடுங்கள். நீங்கள் சரியாகக் காட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை தானாகத் திருத்திக்கொள்ளும்.

ஆறு: ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வையுங்கள். கன்னத்து மச்சம், கொண்டை, மூக்குத்தி, எதுவானாலும் சரி. ஆனால் ஊனத்தையும் குறையையும் பெயராக வைக்காதீர்கள். "ஊமை" என்ற பெயர் இந்த லயத்தில் இனிக் கேட்கக் கூடாது.

ஏழு: காரணத்தையும் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் போனால் அடித்து இழுக்கிறோம். ஏன் அடி விழுந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. "சூடு, கை வலிக்கும்" என்று காட்டுங்கள். அடியில் பயம் பழகும், சொல்லில் புத்தி பழகும்.

எட்டு: வீட்டில் எல்லோரும் பழகுங்கள். தாய்க்கு மட்டும் தெரிந்தால் போதாது. அப்பா கொழும்பில் கடையில் வேலை என்றால் போனில் முகம் பார்த்துக் கதைக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு அந்தப் படம் தெரிகிற போன் பெரிய உதவி. ஆனால் போனில் கிடைக்கிற எல்லாச் சைகையையும் பழக்காதீர்கள். அமெரிக்காச் சைகை வேறு, இந்தியாச் சைகை வேறு, நம் நாட்டுச் சைகை வேறு. இங்கேயும் பாடசாலைக்குப் பாடசாலை கொஞ்சம் மாறும். பிள்ளை படிக்கப்போகிற பாடசாலையில் கேட்டுப் பழகுவது நல்லது.

லயத்தில் எல்லோரும் சைகை பழகுவதா, நடக்கிற காரியமா என்று சிலர் நினைக்கலாம். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மார்த்தாஸ் வைன்யார்ட் என்று ஒரு தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சில்மார்க் என்ற ஊரில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் காது கேளாமல் பிறந்தார். பரம்பரையாக வந்தது. அந்த ஊர்ச் சனம் என்ன செய்தது? காது கேட்கிறவர்களும் சைகை பழகிக்கொண்டார்கள். மீன்பிடிக்கப் போனால் தோணிக்குத் தோணி கையால் பேசினார்கள். காது கேளாதவர்கள் கல்யாணம் கட்டினார்கள், தொழில் செய்தார்கள், ஊர்க் கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். அவர்களும் நம்மைப் போலப் பாடுபட்டுப் பிழைத்த சனம்தான். ஒரு ஊரால் முடிந்தது ஒரு லயத்தால் முடியாதா?

இப்போது அந்தத் தச்சுவேலைத் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சின்ன வயதில் விடுதியில் தங்கிப் படித்தார். அங்கே கூட்டாளிகளோடு இரவு பகல் கையால் பேச்சுத்தான். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. அவர் எனக்குத் தாளில் எழுதிக் காட்டியது இதுதான்: "வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்பேன். பிறகு சொல்கிறேன் என்று காட்டுவார்கள். ஒருநாளும் சொன்னதில்லை." பதினைந்து வருஷமாக அவரைத் தெரிந்த எனக்கு, அவருடைய சைகைப் பெயர் என்னவென்று போன வருஷம்தான் தெரியும். நாம் எல்லோரும் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே பாடசாலைக்கு அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் அனுப்பிவிட்டு நாம் சும்மா இருந்தால், பிள்ளை படித்துவிட்டுச் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வரும். இரத்மலானையில் உள்ள பாடசாலை 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் தொடங்கியது. தமிழில் படிப்பிக்க யாழ்ப்பாணம் கைதடியில் நபீல்ட் பாடசாலை இருக்கிறது. வேறு மாவட்டங்களிலும் விசேட பாடசாலைகளும், சாதாரண பாடசாலைகளில் விசேட கல்விப் பிரிவுகளும் உண்டு. எது கிட்ட, எதில் தமிழ் உண்டு என்று வலயக் கல்விக் காரியாலயத்தில் நான் கேட்டுச் சொல்வேன். தோட்டத்துப் பிள்ளை, காது கேளாத பிள்ளை என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. உடல் குறையைக் காட்டிப் பாடசாலையில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. திருப்பி அனுப்பினால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

நாம் வீட்டில் கட்டிக்கொள்கிற சைகை ஒரு தொடக்கம்தான். முழு மொழி, காது கேளாத பெரியவர்களிடமும் கூட்டாளிப் பிள்ளைகளிடமும் இருந்துதான் வரும். அதற்காகத்தான் அந்தத் தம்பியைக் கேட்டேன். மூன்று மாதமாக ஞாயிறு பகல் மடுவத்துக்கு வருகிறார். பஸ் காசைத் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை.

வந்த முதல் நாள் அவர் அந்தப் பிள்ளையின் தாய்க்கு ஒரேயொரு காரியத்தைத்தான் பழக்கினார். இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற மாதிரி. பிறகு சோறு தின்னுகிற மாதிரி. பிறகு கையைத் தூரத்தில் நீட்டி நெஞ்சுக்குக் கொண்டுவந்து அணைக்கிற மாதிரி. "மலைக்குப் போறேன், சோத்து நேரம் திரும்பி வாறேன்." நழுவிப் போகக் கூடாது, காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். பகலில் வந்தவுடன் அதே சைகையைக் காட்டி, "சொன்ன மாதிரி வந்துட்டேன்" என்று அணைக்க வேண்டும் என்றார்.

முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதே கூச்சல். "இதெல்லாம் வீண் வேலை" என்று பாட்டி சொன்னார். தாய் விடவில்லை. மூன்றாம் கிழமை ஒரு காலை, தாய் கையை எடுக்க முன்பே பிள்ளை தன் சின்ன விரல்களால் கொழுந்து கிள்ளிக் காட்டியது. பிறகு கையை நெஞ்சில் வைத்தது. படங்கை விட்டுவிட்டது. அன்று அழவில்லை. ஆயாம்மாதான் அழுதார்.

போன மாதம் ஒரு நாள் நல்ல மழை. கொழுந்து நிறுக்கச் சுணங்கிவிட்டது. தாய் பகலைக்கு வரவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தது. பிறகு ஆயாம்மாவிடம் போய் அவர் முழங்காலைத் தட்டி, கொழுந்து கிள்ளிக் காட்டி, கையை விரித்துப் புருவத்தைத் தூக்கியது. "அம்மா எங்கே?" மூன்றரை வயதில் அது கேட்ட முதல் கேள்வி. ஆயாம்மாவும் பழகியிருந்தபடியால் பதில் சொன்னார்: மழை, கொழுந்து, வருவா. பிள்ளை போய் விளையாடத் தொடங்கியது.

ஆயாம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி யாருக்கும் விளங்கியிருக்காது. அதுதான் நான் சொல்ல வந்தது. பிள்ளை கேட்கும். பதில் சொல்ல நமக்குக் கை தெரிய வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஐந்து சைகை பழகிக்கொண்டு வாருங்கள். உங்கள் பிள்ளைக்குக் காது கேட்டாலும் பழகுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள், அவர்கள் நம்மைவிடக் கெதியாகப் பிடிப்பார்கள். நம் கை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் கொழுந்து கிள்ளுகிறது? அந்தக் கைக்கு ஐந்து சொல் பாரம் இல்லை.

காது சந்தேகம் உள்ள பிள்ளை இருந்தால் கூட்டம் முடிந்தவுடன் என்னைப் பாருங்கள். இந்த முறை "அவசரப்பட வேணாம்" என்று சொல்ல மாட்டேன்.